வல்லவனுக்கும் புல் ஆயுதமாகாது

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியை இப்போது அதிகமாகச் சொல்பவர்கள் வல்லவர்கள் அல்லர், புல்லை விற்பவர்கள். எந்த ஊர் ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும் முன்வரிசையில் கண்ணைப் பறிப்பது, பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பளபளக்கும் வாகனக் கருவித் தொகுதிதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும்: 108 உருப்படிகள், 150 உருப்படிகள், 216 உருப்படிகள். உருக்கு எத்தகையது, யார் செய்தார், எங்கே செய்தார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெட்டி பதில் சொல்வதில்லை. கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "வேலை தெரிந்தவருக்கு எதுவும் போதும் ஐயா" என்பார். கேட்டவர் வாயடைத்துப் போவார். தனக்கு வேலை தெரியாது என்று நாலு பேர் முன்னிலையில் ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

இந்த வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். தன் வண்டியைத் தானே திருத்த முனையும் சாதாரண மனிதருக்குத்தான் நல்ல கருவி மிக அவசியம். பழுத்த மெக்கானிக்கின் கை, ஸ்பானர் வழுக்கப் போவதை அது வழுக்கும் முன்பே உணர்ந்துவிடும். புதியவரின் கைக்கு அந்த உணர்வு இல்லை. அவரிடம் புல்லைக் கொடுத்துவிட்டு, வேலை பிழைத்ததும் அவர் கையையே குறைசொல்வது வியாபாரத் தந்திரமன்றி வேறென்ன?

அரசியல் எழுதுபவனுக்கு ஸ்பானரில் என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த கதவின் வாசலில் வரி நின்றது. இடையில் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது, ரூபா சரிந்தது, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். இருபது, முப்பது வருடங்கள் கடந்த ஜப்பானியக் கார்களும் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் இங்கே குடும்பங்களைச் சுமக்கின்றன. ஒரு முச்சக்கர வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்று ஒரு வீட்டின் அடுப்பு எரிவது சந்தேகம். ஆகவே எண்ணெய் மாற்றுவது, பிளக் கழற்றுவது, பிறேக் பாட் மாற்றுவது போன்ற வேலைகளை வண்டிச் சொந்தக்காரர்கள் பலர் தாமே செய்கின்றனர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எம்மவர்கள் கராஜ் கூலிக்கு அஞ்சி இதையே செய்கிறார்கள். இவர்கள் அனைவரின் கையிலும் முதலில் திணிக்கப்படுவது அந்தப் பளபளக்கும் பெட்டிதான்.

அந்த இலக்கத்தின் பித்தலாட்டத்தை முதலில் பார்ப்போம். ஜப்பானியக் காரொன்றில் வீட்டுச் சொந்தக்காரர் தொடக்கூடிய வேலைகளில் வரும் போல்ட்களும் நட்களும் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் என்ற ஆறு அளவுகளுக்குள் அடங்கிவிடும். சில்லு நட் டொயோட்டாவில் பொதுவாக 21. ஹொண்டா, சுசுகி வண்டிகளில் பொதுவாக 19. ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவருக்கு 13, 16, 18 என்ற அளவுகளும் நட்சத்திரத் தலைகளும் வந்து சேரும். ஆறு சொக்கெட்கள், ஒரு முனை திறந்தும் மறுமுனை வளையமாகவும் உள்ள ஆறு ஸ்பானர்கள், ஒரு ராச்செட், அதற்கு ஒரு நீட்டுத்தண்டு, சில்லு நட்டுக்கு ஒரு சொக்கெட்டும் நீளமான பிடியும், ஒரு பிளக் சொக்கெட், இரண்டு சிலுவைத்தலை ஸ்குரு டிரைவர்கள், ஒரு தட்டைத்தலை, ஒரு குறடு. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 21. பெட்டிக்குள் இருக்கும் ஏனையவை என்ன? விரல் நகமளவு ஸ்குரு டிரைவர் நுனிகள், உங்கள் வண்டியில் எங்குமே பொருந்தாத அளவுகள், ஒரே அளவின் மறுபதிப்புகள். இலக்கத்தைக் கூட்டுவதற்கான சோளப்பொரி அது. சோளப்பொரிக்குச் செலவான பணம், நாளாந்தம் உழைக்கவேண்டிய 10, 12 மில்லிமீற்றர் சொக்கெட்களின் உருக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணம்.

கருவியின் தரம் என்பது பளபளப்பு அல்ல, பொருத்தம். 10 மில்லிமீற்றர் ஸ்பானரின் வாய் மிகச் சரியாக 10 மில்லிமீற்றராக இருக்க முடியாது. அப்படியிருந்தால் அது போல்டின் தலைக்குள் நுழையாது. மயிரிழை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 691 என்ற சர்வதேசத் தரம் எல்லை வகுத்திருக்கிறது. எல்லை மீறிய ஸ்பானர், போல்டின் பக்கங்களைத் தள்ளுவதற்குப் பதிலாக அதன் மூலைகளை மட்டுமே நெருக்கும். மூலை உருக்குலைந்தால் அறுகோணம் வட்டமாகும். வட்டமான தலையை எந்த ஸ்பானரும் பிடிக்காது. மென்மையான உருக்கில் செய்த ஸ்பானராயின் பலமாக இழுக்கும்போது வாயே அகன்றுவிடும். சூடாக்கிப் பதப்படுத்தியது பிழைத்து அளவுக்கு மீறிக் கடினமானதாயின் வெடிக்கும். சொக்கெட்களிலும் உள்ளே பன்னிரண்டு மூலைகள் கொண்டவற்றைவிட ஆறு மூலைகள் கொண்டவை துருப்பிடித்த போல்ட்டை நன்கு பற்றும். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் இலகுவில் பொருந்தும், இலகுவில் வழுக்கவும் செய்யும்.

ஒரு போல்ட்டின் தலை வட்டமானால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். பிறேக் குழாயின் நட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய வண்டிகளில் அது பெரும்பாலும் 10 மில்லிமீற்றர், மென்மையானது, குழாய் அதனுடைய நடுவாக ஓடுவதால் சொக்கெட் போடமுடியாது. அதற்கென்றே வளையத்தின் ஒரு பக்கம் வெட்டிய ஸ்பானர் உண்டு. அது இல்லாமல் தளர்ந்த வாயுள்ள ஸ்பானரைப் போட்டு இழுத்தால் நட் வட்டமாகும், குழாய் முறுகும். பிறகு குழாயையே மாற்றவேண்டும். எஞ்சின் தலையில் பிளக் முறிந்தாலோ செலவு பல மடங்காகும். சில நூறு ரூபா மிச்சம் பிடித்த ஸ்பானர் பல்லாயிரம் ரூபாவைக் கராஜுக்கு அழைத்துச் செல்லும். பழைய வண்டிகளுக்கு உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வதன் அர்த்தம் விளங்கும்.

"குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறதே" என்பது அடுத்த வாதம். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: எழுதப்பட்டிருப்பதாலேயே ஒரு விடயம் உண்மையாகிவிடுவதில்லை. குரோம் வனேடியம் என்பது ஓர் உருக்குக் கலவையின் பெயர். அதில் வனேடியம் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவு. கலவை சரியாக இருந்தாலும் அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய முறை பிழைத்தால் பயனில்லை. மேலே பளபளப்பது வேறு விடயம்; அது துருவைத் தடுக்கும் பூச்சு. கலவையிலுள்ள குரோமையும் பூச்சிலுள்ள குரோமையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளும் வாடிக்கையாளரை நம்பித்தான் இந்தப் பளபளப்பு வியாபாரம் நடக்கிறது.

பொறித்த எழுத்தை நம்பமுடியாவிட்டால் எதை நம்புவது? உங்கள் கையை நம்புங்கள். கடைக்குப் போகும்போது 10, 12 மில்லிமீற்றர் தலையுள்ள புதிய போல்ட்கள் இரண்டைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். சொக்கெட்டை அதில் மாட்டி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஆட்டம் எவ்வளவு என்பது விரலுக்குத் தெரியும். சொக்கெட்டின் சுவர் சுற்றிவர ஒரே தடிப்பாக இருக்கிறதா, துளை நடுவில் இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி பொருந்தாமல் ஒளி வந்தால் வைத்துவிடுங்கள். விளிம்புகளில் பூச்சு உரிகிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவரின் பெயர் கருவியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைக் கடிதத்துக்குப் பத்திரிகையில் நாங்கள் இடம் கொடுப்பதில்லை. தன் பெயரைப் பொறிக்கத் துணியாதவர் செய்த மொட்டை ஸ்பானருக்கு நீங்கள் ஏன் உங்கள் வீட்டில் இடம் கொடுக்கவேண்டும்?

இங்கே இன்னொரு மூடநம்பிக்கையையும் உடைத்துவிட வேண்டும். "ஜேர்மனியா, சீனாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியடைபவர்கள் இருக்கிறார்கள். 1887இல் பிரித்தானியா கொண்டுவந்த வர்த்தகக் குறிச் சட்டம்தான் பிறநாட்டுப் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கவைத்தது. ஜேர்மனியில் செய்தது என்ற சொற்கள், மட்டமான பொருள், கவனம் என்று ஆங்கிலேயரை எச்சரிப்பதற்காக வந்தவை. அதே சொற்கள் பிற்காலத்தில் பெருமையின் முத்திரையாயின. எனது தகப்பனாரின் தலைமுறை ஜப்பான் சாமான் என்றால் முகஞ்சுழித்தது. இன்று கியோட்டோவில் பிறந்த கே.டி.சி. நிறுவனத்தின் ஸ்பானரை உலகமே மதிக்கிறது. தாய்வான் கருவிகளுக்கும் இதே கதைதான். சீனத் தொழிற்சாலைகள் நல்லதையும் செய்கின்றன, குப்பையையும் செய்கின்றன. எதற்கு விலை பேசி இறக்குமதி செய்கிறோம் என்பது எமது வியாபாரிகளின் தெரிவு. ஜேர்மன் பெயர்போல ஒலிக்கும் ஒரு சொல்லைப் பெட்டியில் அச்சிடுவது மிக மலிவான வேலை.

நல்ல கருவிக்குள்ளும் பொருத்தமான கருவி வேறு. சிலுவைத்தலைத் திருகாணி என்றால் எல்லாம் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் பரவிய பிலிப்ஸ் வகை ஒன்று. ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். வகை இன்னொன்று. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் வெட்டின் கோணங்கள் வேறு. ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்த் திருகாணியில் பிலிப்ஸ் ஸ்குரு டிரைவரை அழுத்தித் திருப்பினால் அது மேலெழும்பி, சிலுவையைக் கிண்ணமாக்கிவிடும். ஜே.ஐ.எஸ். திருகாணிகள் பலவற்றின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருக்கும். எமது வீதிகளில் ஓடும் ஜப்பானிய வண்டிகளின் தொகைக்கு, ஒசாக்காவின் வெஸ்ஸல் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஜே.ஐ.எஸ். ஸ்குரு டிரைவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும். நான் விசாரித்த கடைகள் பலவற்றில் இப்படியொன்று இருக்கிறதென்றே தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளே, 200 உருப்படிப் பெட்டியைச் சுமந்து வராதீர்கள். இரண்டு ஜே.ஐ.எஸ். ஸ்குரு டிரைவர்கள் கொண்டுவாருங்கள். அவை உங்கள் பயணப்பையில் ஒரு சாறிக்குள் அடங்கிவிடும்.

பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஜோசப் விற்வேர்த் 1841இல் முன்வைத்த திருகுமுறைக்குரிய ஸ்பானரில் உள்ள இலக்கம் போல்டின் தண்டைக் குறிப்பது, தலையின் அகலத்தை அல்ல. 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் பொதுத் திருகுமுறைக்கு உடன்பட்ட பின்னர், தலையின் அகலத்தை அங்குலத்தில் சொல்லும் ஸ்பானர்கள் படிப்படியாக வந்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போடுபவர், 0.3 மில்லிமீற்றர் தளர்வோடு ஒரு மொரிஸ் மைனரின் மூலைகளை மழித்துக்கொண்டிருக்கிறார். முக்கால் அங்குலத்துக்கு 19 மில்லிமீற்றர் ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதற்காக எல்லாம் ஒத்துப்போகும் என்று முடிவுகட்டக்கூடாது.

இவ்விடத்தில்தான் "பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எதை வைத்து வண்டி ஓட்டினோம்?" என்ற பெருமிதக் கேள்வி வரும். உண்மை. 1990களில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் அது. ஆனால் அந்த வல்லவர்களின் பெட்டிக்குள் இருந்தது புல் அல்ல. அந்நாட்களில் நான் கண்ட கராஜ்காரர்கள், பழைய இங்கிலாந்து ஸ்பானர்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணிப் பூட்டிவைத்தார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உடுபுடவையோடு அந்தப் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். எரிபொருளுக்கு மாற்றுக் கண்டார்கள், உதிரிப்பாகத்துக்கு மாற்றுக் கண்டார்கள். ஸ்பானருக்கு மாற்றுத் தேடவில்லை. நல்ல கருவி கையில் இருந்ததால்தான் மற்ற மாற்றுகள் அனைத்தும் சாத்தியமாயின. அந்தத் தலைமுறையின் பெயரைச் சொல்லிக் குப்பையை விற்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

இனி, மிக நியாயமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். "நீர் சொல்லும் ஜேர்மன், ஜப்பான் கருவியை நாளாந்தக் கூலிக்காரன் வாங்கமுடியுமா?" முழுத் தொகுதியாக வாங்கமுடியாது, வாங்கவும் தேவையில்லை. பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் 10, 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள் மூன்றை நல்லதாக வாங்குங்கள். அடுத்த மாதம் ஒரு ராச்செட். வேலை வரவர அளவு சேரட்டும். இந்தியாவின் தபாரியா போன்ற நடுத்தர விலைக் கருவிகள் வீட்டுப் பாவனைக்குத் தாராளமாகப் போதும். ஓய்வுபெற்ற மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து வரும் பழைய ஸ்பானர், புதிய குப்பையைவிட மேல். எண்ணெய் ஏந்தும் தட்டு, புனல், கம்பித் தூரிகை ஆகியவற்றை எவ்வளவு மலிவாகவும் வாங்கலாம்; அவை போல்ட்டைக் கடிப்பவை அல்ல. நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ரெஞ்சின் விலை உண்மையில் அதிகம். ஆனால் அது ஆளுக்கொன்று தேவையில்லை. எமது சனசமூக நிலையங்கள் பத்திரிகை வாங்கிப் போடுகின்றன. அவை ஒரு டோர்க் ரெஞ்சை வாங்கி இரவல் கொடுத்தால் என்ன? பல டொயோட்டா கார்களின் சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர் என்று கைநூல் சொல்கிறது. ஸ்பானரின் பிடியில் குழாயைச் செருகி, மேலே ஏறி மிதிப்பவருக்கு 103 எங்கே, 200 எங்கே என்று எப்படித் தெரியும்?

"ஆயுட்கால உத்தரவாதம் உண்டு" என்பதையும் நம்பி மயங்கவேண்டாம். அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927இல் தொடங்கிய கிராப்ட்ஸ்மன் கருவிகள், உடைந்தால் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியால் புகழ்பெற்றவை. 2017இல் அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2018இல் சியர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நிறுவனம் நிலைத்திருந்தாலும், கிளிநொச்சியில் உடைந்த ஸ்பானரை எந்தக் கரும்பீடத்தில் கொண்டுபோய் நீட்டுவது? உத்தரவாதம் ஸ்பானரை மாற்றித் தரும். அது மழித்த போல்ட்டையோ, வழுக்கிய கை மோதிக் கிழிந்த விரலையோ மாற்றித் தராது.

கடைசியாக ஒன்று, இதில் பணக் கணக்கு இல்லை, உயிர்க் கணக்கு. வண்டியை உயர்த்தும் ஜக், உயர்த்துவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. அதனுள்ளே எண்ணெயின் அழுத்தத்தைத் தடுத்து நிற்பது ஒரு சிறு இறப்பர் வளையம். அது கசிந்தால் ஒரு தொன் எடை கீழே வரும். கற்களையோ சீமெந்துக் கட்டிகளையோ அடுக்கி அதன்கீழ் படுப்பவர்களை இன்றும் காண்கிறேன்; சீமெந்துக் கட்டி முன்னறிவித்தல் இல்லாமல் பிளக்கும். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, எடை பொறித்த இரும்புத் தாங்கிகள் இரண்டின்மேல் வண்டியை இறக்கி, தள்ளி அசைத்துப் பார்த்த பின்னரே உள்ளே தலையை நீட்டவேண்டும். தாங்கி வாங்கப் பணமில்லையெனில் அந்த வேலையைக் கராஜுக்கு விட்டுவிடுங்கள்.

தச்சரும் கொல்லரும் தமது கருவியை ஆயுதம் என்றுதான் அழைத்தார்கள். நவராத்திரி முடிவில் கராஜ்களில் ஸ்பானர்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன் அடுக்குவதும் ஆயுத பூசைதான். பொட்டு வைத்துக் கும்பிடத் தகுதியுள்ள ஒரு பொருளை வாங்கும்போது மட்டும் நாம் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்? அடுத்தமுறை கடைக்காரர் "எத்தனை உருப்படி வேண்டும்?" என்று கேட்டால், சட்டைப்பையிலிருந்து அந்த 10 மில்லிமீற்றர் போல்ட்டை எடுத்து மேசையில் வையுங்கள். "இதை இறுகப் பிடிக்கும் ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நாலு பேர் இப்படிக் கேட்டால் முன்வரிசைப் பெட்டிகள் பின்வரிசைக்குப் போகும். புல்லை மாட்டுக்குப் போடுவோம்.